இடது பக்கம் கொஞ்சம் தளர்த்தி

செப்டம்பர் 1, திங்கள்

இன்று நோன்பு. விடியுமுன் சஹருக்குப் பழைய சோறு, தயிர், நேற்றைய கருவாட்டுக் குழம்பு. சிலிண்டர் வந்தது. பழைய சிலிண்டர் எதிர்பார்த்ததைவிட நான்கு நாள் கூடுதலாக ஓடியிருக்கிறது.

பாக்கி நோன்புக் கணக்கை மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். பிள்ளை பெற்ற வருடங்களிலும் மாதத்தீட்டு நாட்களிலும் விட்டுப்போன ரமலான் நோன்புகள், களா. அல்லாஹ்வுக்குத் தர வேண்டியவை. பிறகு பிடிக்கலாம், பிறகு பிடிக்கலாம் என்று இத்தனை காலம் தள்ளியாயிற்று. இனி திங்கள், வியாழன் இரண்டு நாளும் விடுவதில்லை.

அவர் கடைக்குக் கிளம்பும்போது கேட்டார். "என்ன சபுரா, திடீர்னு அல்லாவுக்கும் ஒனக்கும் கணக்கு முடிக்கிற அவசரம்? கடையக் கட்டப் போறியா?"

"கமிஷன் கடைக்காரருக்கு எல்லாமே கடைதான்" என்றேன். திராட்சைப் பெட்டிக்குக் கமிஷன் பிடிக்கிற மனுஷன். சிரித்துக்கொண்டே போனார்.

துணி பிழியும்போது இடது கை ஒத்துழைக்கவில்லை. வாஷிங் மெஷினைப் பழுது பார்க்க ஆள் வரச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

நோன்பு. அஸர் தொழுதுவிட்டு ஜுலைகா வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் பெண்கள் துணியெல்லாம் அவள்தான் தைக்கிறாள். இரண்டு ஜாக்கெட் கொண்டுபோனேன்.

"என்னக்கா, பிரிச்சுத் தைக்கணுமா?"

"எடது பக்கம் கொஞ்சம் பிடிக்குதுடி. தளர்த்திக் குடு."

"வலது பக்கம்?"

"அது சரியாத்தான் இருக்கு."

கழுத்தில் டேப் தொங்கியது. அதை அவள் எடுக்கவே இல்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஜாக்கெட்டை மடித்து வைத்தாள்.

"அளவு எடுக்கலையாடி?"

"எனக்குத் தெரியாத அளவாக்கா?"

மேலெல்லாம் பவுடர் வாசம். மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூசலாம், அவ்வளவு. "என்னடி, டப்பாவுலயே குளிச்சியா?" என்று கிண்டல் செய்தேன். "வேர்த்து ஊத்துதுக்கா" என்று முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நானும் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மகள் ஹாஜிராவுக்கு நவம்பரில் நிக்காஹ். அந்தப் பிள்ளை திருப்பூரில் வேலை பார்க்கிறது. மாப்பிள்ளை வீட்டார் சின்னமனூர். ரொம்ப விசாரித்துத்தான் பேசி முடித்தார்களாம். "அது முடியட்டும்க்கா. அப்பறம் நான் ஒரு மாசம் காலை நீட்டிப் படுத்துருவேன். யாரும் எழுப்பக் கூடாது" என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

நோன்பு. நெல்லிக்காய் ஊறுகாய் போட்டேன். கணக்கில் இன்னும் ஒன்று குறைந்தது.

செப்டம்பர் 10, புதன்

பீரோவை ஒழுங்கு செய்தேன். மூன்று மாதத்தில் இது எத்தனையாவது தடவையோ. அடித்தட்டில் என் கபன் துணி, அடக்கம் செய்யும்போது சுற்ற. உம்ராவுக்குப் போனபோது அங்கேயே வாங்கி, ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து எடுத்து வந்தது. பெண்களுக்கு ஐந்து துணி. இரண்டு போர்வை, ஒரு சட்டை, தலைக்கு ஒன்று, மார்புக்குக் கட்ட ஒன்று. எடுத்து எண்ணி, உதறி, புதிதாகக் கற்பூரம் வைத்து மடித்தேன்.

அவர் வந்து நின்று பார்த்தார். "எனக்கு ஒண்ணு வாங்கிருக்கலாம்ல?"

"ஒங்களுக்கு மூணு துணிதான். எங்க வேணாலும் கிடைக்கும்."

"பாரு, செத்தாலும் பொம்பளைகளுக்குத்தான் துணி ஜாஸ்தி."

சிரித்தேன். சிரித்தபின் சமையலறைக்குள் போனேன். எதற்கு உள்ளே போனேன் என்பது மறந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜுலைகா மவுத்தாகிவிட்டாள்.

சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மைக்கில் பெயரைச் சொன்னபோது வேறு ஜுலைகா என்று நினைத்து மாவை ஆட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு அடையாளம் சொன்னதும் கிரைண்டரை நிறுத்தினேன். விடியற்காலையில் மூச்சு முட்டுகிறது என்றாளாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பாக இருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாற்பத்தாறு வயது.

இறந்த பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுவது மைமூனக்கா. கூடமாட இருக்கும் அவர் தங்கச்சி மகள் பிரசவத்துக்கு மதுரை போயிருந்தாள். என்னைப் பார்த்து, "நீ ஓதத் தெரிஞ்சவ. உள்ள வா" என்றார். நான் இதுவரை செய்ததில்லை. மாட்டேன் என்றும் சொல்ல வரவில்லை.

ஹாஜிரா திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்த நேரம் அது. "எங்கம்மாவுக்கு நான் தண்ணி ஊத்துறேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குள் உள்ளே போர்வையை விலக்கிப் பார்த்திருந்த மைமூனக்கா திரும்பி வந்து, அந்தப் பிள்ளை முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

உள்ளே நாங்கள் இரண்டே பேர்.

மையித்தின் மேல் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. மூடி வைப்பவரின் குறைகளை அல்லாஹ் மூடி வைப்பான். எழுதுவதும் சொல்வதும் ஒன்றுதான். அதனால் எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும். ஜமாஅத்திலிருந்து வந்த கபன் செட்டில் மார்புத் துணி போதவில்லை. பஞ்சு வைத்தோம், மறுபடி வைத்தோம். "இன்னொரு துணி வேணும் சபுரா. வெள்ளையா, யாருக்கும் தெரியாம" என்றார் மைமூனக்கா. பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன். ஈரக் கையோடு பீரோவைத் திறந்தேன். என்னுடையதிலிருந்து அந்த ஒரு துணியை உருவி எடுத்துப் போனேன். கட்டினோம். அத்தர் பூசினோம். அதன் பிறகுதான் ஹாஜிராவை உள்ளே விட்டார். முகத்தை மட்டும் பார்த்தாள். ஜும்ஆ தொழுகை முடிந்து எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள்.

முடித்துக் கை கழுவும்போது மைமூனக்கா குழாயைப் பார்த்தபடி சொன்னார். "வருசத்துக்கு மூணு நாலு பேரு இப்படி வர்றாளுக. புருசனுக்குத் தெரியாது. பெத்த மகளுக்குத் தெரியாது. எனக்குத்தான் மொதல்ல காட்டுறாளுக. நான் என்ன டாக்டரா?"

என் வலது கை அப்போது எங்கே இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

செப்டம்பர் 13, சனி

மின்விசிறிகளைத் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். மிளகாய் காயப்போட்டு, மேகம் என்று எடுத்து, வெயில் என்று மறுபடி காயப்போட்டேன். உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் உட்காரச் சொல்கிறது.

சவூதியில், தமாமில் இருக்கும் மகன் ரிஸ்வான் அனுப்பிய கண்ணாடிக் கோப்பைகள் ஷோகேஸில் வருடக்கணக்காக நிற்கின்றன. பொன் விளிம்பு போட்டவை. இறக்கிக் கழுவி, ஒன்றில் எனக்கு டீ ஊற்றிக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "யாரு விருந்தாளி?"

"நான்தான்."

"விருந்தாளிக்குப் பலகாரம் இல்லையா?" என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் மறுபடி வெளியே போய், சுடச்சுட உளுந்து வடை வாங்கி வந்தார். இந்த மனுஷனிடம் எதை எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 15, திங்கள்

நோன்பு. ஜுலைகா வீட்டுக்காரர் சிக்கந்தர் வந்தார். பேக்கரியில் வேலை. வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அவளக் கடைசியாத் தொட்டது நீங்கதான். ஒரு நாளாச்சும் படுத்தவ இல்லக்கா. மவுத்துக்கு மொத நாள்கூடத் தையல் மெஷின்ல இருந்தா. கல்யாணத்துக்குச் சேத்த காசுல கைய வைக்கக் கூடாதுன்னு ஒரு மாத்திரகூட வாங்க விடமாட்டா. நான் எதையாச்சும் பாக்காம விட்டுட்டேனா?"

"அல்லாவோட நாட்டம் தம்பி" என்றேன்.

"அதத்தான் எல்லாரும் சொல்றாக" என்று போய்விட்டார்.

அல்லாஹ்வின் நாட்டம் என்பது உண்மைதான். உண்மையைச் சொல்லிவிட்டு ஏன் இப்படிப் பொய் சொன்னவள் மாதிரி இருக்கிறது என்று தெரியவில்லை. 

செப்டம்பர் 17, புதன்

வாஷிங் மெஷின் ஆள் வந்தான். மெஷினில் ஒரு கோளாறும் இல்லையாம்.

செப்டம்பர் 20, சனி

ஹாஜிரா வந்தாள். கையில் பை. அவள் அம்மா தைத்து முடித்து வைத்திருந்த துணிகளை வீடு வீடாகக் கொடுத்து வருகிறாள். திருப்பூர் வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறாளாம். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. டீ கொடுத்தேன், பொன் விளிம்புக் கோப்பையில்.

என் இரண்டு ஜாக்கெட்டையும் எடுத்து வைத்தாள். பிறகு பையின் அடியிலிருந்து இன்னொரு ஜாக்கெட்டை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தாள். ஊதா நிறம். ஜுலைகாவுடையது.

"பெரியம்மா, ஒங்க ஜாக்கெட்டத் திருப்பிப் பாருங்க. எடது பக்கம் மட்டும் உள்ள மல்துணி வச்சிருக்காங்க. மெத்துனு, ரெண்டு மடிப்பா. நீங்க சொன்னீங்களா?"

"தளர்த்தச் சொன்னேன். அவ்வளவுதான்."

"எங்கம்மாவோடதுலயும் இருக்கு. அவங்களுக்கு வலது பக்கம். வேற யாரு துணிலயும் இல்ல. எல்லாத்தையும் திருப்பிப் பாத்துட்டேன்."

நான் ஊதா ஜாக்கெட்டைத் தொடவில்லை. உள்பக்கத்தில், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு கறை மல்துணியில் இருந்தது.

"எங்கம்மாவக் குளிப்பாட்ட ஏன் என்னய விடல பெரியம்மா?"

"நீ அழுதுக்கிட்டிருந்தடி. மையித்து மேல கண்ணீர் படக் கூடாதுன்னுதான்."

"பொய்."

இந்தத் தெருவில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. நானும் கோபப்படவில்லை.

"அவங்க மேல என்ன இருந்துச்சு?"

"அமானிதம்டி ஹாஜிரா, நம்பி ஒப்படைச்சது. கேக்காத."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். அவ்வளவு துக்கத்திலும் வளர்ப்பு தெரிகிறது. அவள் போனபின் என் ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மல்துணியின் ஓரத்தை உறுத்தாதபடி மடித்து, பிள்ளைச் சட்டைக்குத் தைக்கிற மாதிரி நுணுக்கித் தைத்திருக்கிறாள். அளவே எடுக்கவில்லை. எங்கே தொட்டால் வலிக்கும் என்று சரியாகத் தெரிந்திருக்கிறது.

அவள் என்னைத் தெரிந்துகொண்டாள். நான் அவளைப் பார்த்து, பவுடர் டப்பாவில் குளித்தாயா என்று கேட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

நோன்பு. பகலில் மைமூனக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வாராந்திரப் பத்திரிகையில் முன்பு வெட்டி வைத்த காகிதம் என்னிடம் இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். மீதிப் படிப்பெல்லாம் இப்படி வெட்டி வைத்ததுதான். தாய்க்கு மார்பில் அந்த நோய் இருந்தால் மகளும் சீக்கிரமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. படித்துக் காட்டினேன். "ஹாஜிராகிட்டச் சொல்லலாமாக்கா?"

"மையித்து மேல பாத்ததச் சொல்லக் கூடாது. முப்பது வருசமா நான் சொன்னதில்ல."

"அந்தப் புள்ளைக்கும் வந்தா?"

"சொன்னா ஊருக்குள்ள பரவாதா? சின்னமனூருக்காரவுக காதுல விழுந்தா அந்தக் கல்யாணம் நிக்குமா? அதுக்குப் பயந்துதான அவ வாயத் தெறக்கல?"

நான் காகிதத்தை மடித்தேன். தைலப் பாட்டிலை மூடிவிட்டு அவரே மறுபடி பேசினார்.

"செத்தவளப் பத்தித்தான் வாயத் தெறக்கக் கூடாதுங்குறது. உசுரோட இருக்குறவளப் பத்தி அப்படி ஒண்ணும் இல்லையே." என் முந்தானையைப் பார்த்தார். "எத்தன மாசமா?"

"பாக்கி நோன்பு இன்னும் இருக்குக்கா. அத முடிச்சுட்டு…"

"முடிச்சுட்டு? நேரா எங்கிட்ட வரலாம்னா? அடியே, எனக்கு முட்டி போயிருச்சு. ஒன்னயத் தூக்கிப் பெரட்ட என்னால ஆகாது. வேற ஆளப் பாத்துக்க."

வரும் வழியெல்லாம் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. எதிரே வந்தவர்கள் ஸலாம் சொன்னதற்குப் பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

செப்டம்பர் 24, புதன்

தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று புர்கா போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். தேனி பஸ் வந்தது. கண்டக்டர் "ஏறும்மா, எடம் இருக்கு" என்றான். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அடுத்ததும் வந்தது. கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பாதி அழுகல்.

செப்டம்பர் 25, வியாழன்

நோன்பு. கத்தரிக்காய் அடிப்பிடித்தது. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று தடுமாறி மறுபடி தொழுதேன்.

இது நாள்வரை அல்லாஹ்விடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். பாக்கி இல்லாமல் என்னை எடுத்துக்கொள் என்றுதான். இருக்க விடு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ.

இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம், "ஞாயித்துக்கிழமை சுருளி அருவிக்குப் போகலாமா?" என்றேன்.

கையில் சோற்றுடன் பார்த்தார். "கல்யாணமான புதுசுல நான் கூப்பிட்டேன். அடுப்புல பால் இருக்குன்ன."

"பால் காஞ்சிருச்சு. இப்பக் கூப்பிடுங்க."

ஹாஜிராவையும் அழைத்துப் போக வேண்டும் என்றேன். ஊர் பேசும் என்றார். பேசட்டும் என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

 நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

கடை ஆம்னி வேனில் மூன்று பேரும் போனோம். பின்னால் திராட்சைப் பெட்டி வாசம். ஹாஜிரா முதலில் வர மாட்டேன் என்றாள். சிக்கந்தர்தான், "போயிட்டு வாம்மா, அழுகயாச்சும் வருதான்னு பாக்கலாம்" என்று அனுப்பினார். அடக்கத்துக்குப் பிறகு அவள் அழவே இல்லையாம். வேனில் ஏறும்போது எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் நின்று, "தாய் மவுத்தாகி ஒரு மாசம் ஆகல, அருவிக் குளியல் கேக்குது" என்று காது கேட்கவே சொன்னாள். "நீங்களும் வாங்களேன், எடம் இருக்கு" என்றார் அவர். ஜன்னல் மூடிக்கொண்டது.

அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் இருந்தது. சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் மூச்சு நின்றுவிட்டது. யாரோ ஒரு அம்மா என் தோளைப் பிடித்து, "நிமிந்து நில்லுங்கக்கா, அப்பத்தான் வலிக்காது" என்று கத்தினாள். நிமிர்ந்தேன். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. ஐம்பத்து நாலு வயதில் இப்படிக் கத்துவேன் என்று யார் நினைத்தது! இந்த உடம்புக்கு இதுவரை வாளித் தண்ணீர்தான் தெரியும். பதினாறு நாளைக்கு முன் நான் இன்னொருத்தி மேல் தண்ணீர் ஊற்றினேன், அவளுக்கு அது குளிர்கிறதா என்று தெரியாமல். எனக்குக் குளிர்ந்தது. பல் கிட்டித்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

ஹாஜிரா ஓரத்தில் கால் நனைத்து நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். தண்ணீருக்குள்தான் அழுதாள். அங்கே யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

துணி மாற்றுவதற்குப் பாறை ஓரமாகப் போனோம். கொண்டுபோயிருந்த போர்வையை ஹாஜிரா எனக்கு மறைவாக விரித்துப் பிடித்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்போது ஜுலைகா வீட்டு அறைதான் கண்ணில் வந்தது. அன்றும் இப்படித்தான் ஒரு துணியின் மறைவில்.

"ஹாஜிரா, திரும்பு."

"பெரியம்மா?"

"திரும்புடி."

அவள் கையை எடுத்து வைத்தேன். என் இடது பக்கத்தில். இதை எழுதலாம், நான் உயிரோடு இருக்கிறேன். கொட்டைப்பாக்கு அளவில் இருந்தது இப்போது எலுமிச்சை அளவு. மேல் தோல் கொஞ்சம் உள்ளே இழுத்திருக்கிறது. கை வைத்த இடத்திலேயே அவள் அசையாமல் நின்றாள். உதடு மட்டும் நீலமாக நடுங்கியது.

"எங்கம்மாவுக்கு…"

"அவளப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. இது என்னோடது. ரமலானுக்கு முன்னால இருந்து இருக்கு. என்னயக் கட்டுன ஒன் பெரியத்தாவுக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு. நீ வர்றியா?"

போர்வையின் ஒரு முனை அவள் கையிலிருந்து நழுவியது.

"போர்வையப் பிடிடி! ஊரே பாக்குது."

பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "வர்றேன் பெரியம்மா. நானும் காட்டிக்கிறேன்" என்றாள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் அவரிடம் சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருங்கள், என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பாதியில் வண்டியை ஓரங்கட்டினார். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷன், இஞ்சினை அணைத்துச் சாவியை உருவி, மறுபடி போட்டார்.

"அதுக்குத்தான் களாக் கணக்கு" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"நாளைக்கு நோன்பு வைக்காத" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வீடு வரும்வரை இரண்டு தடவை கியர் தப்பிப் போட்டார்.

செப்டம்பர் 29, திங்கள்

நோன்பு இல்லை. தேனி. டாக்டரம்மா ரொம்பச் சின்னப் பெண். தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா இவ்வளவு நாள்?" என்று ஒரு தடவைதான் கேட்டார். ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்தது எல்லாம் நடந்தது. ஹாஜிராவும் உள்ளே போனாள். குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"எங்கம்மாவுக்கு இருந்திருக்கும்னு நினைக்கிறேன். எங்கிட்ட மறைச்சுட்டாங்க" என்றாள். தெளிவாகச் சொன்னாள்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு பேசினாள். "எனக்காகத்தான் மறைச்சிருக்காங்க பெரியம்மா. இத நானும் மறைச்சா அவங்க கஷ்டப்பட்டதுக்கு என்ன அர்த்தம்? மாப்பிள்ள வீட்ல கேட்டாச் சொல்லிருவேன். நிக்கிற கல்யாணம் நிக்கட்டும்."

நிற்கட்டும் என்றால் நிலைக்கட்டும் என்றா, நின்று போகட்டும் என்றா என்று கேட்கலாம் என்றிருந்தது. தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 1, புதன்

முடிவு வரவில்லை. வீட்டிலுள்ள எல்லாத் தலையணை உறைகளையும் கையாலேயே துவைத்தேன். அவர்தான் பிழிந்தார்.

அக்டோபர் 6, திங்கள்

ஹாஜிராவுக்கு ஒன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அதுதான். இடது பக்கம் முழுவதும் எடுக்க வேண்டும். அதன் பிறகு மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும். குணமாகுமா என்று அவர் கேட்டதற்கு டாக்டரம்மா, "உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா ஆபரேஷன் பண்ற நிலமைலதான் வந்திருக்காங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எங்கள் கம்பம் வரும்வரை அவர் மூன்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு விதத்திலும் நல்லதாகவே வந்தது.

ரிஸ்வான் போனில் அழுதான். லீவு கேட்டிருக்கிறான்.

அக்டோபர் 9, வியாழன்

சின்னமனூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஹாஜிராவைப் பார்க்க வந்தார். ஹாஜிரா சொல்லிவிட்டாளாம். அந்த அம்மா யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனாராம். சிக்கந்தர் முகம் விழுந்து கிடக்கிறது. ஹாஜிரா அம்மாவின் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ நாடா கோத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நான் போர்வைக்குள் கூப்பிடாமல் இருந்திருந்தால்? இல்லை. அப்படி நினைக்க மாட்டேன்.

அக்டோபர் 11, சனி

மைமூனக்கா வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தார். இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். மடிப்புக் கலையாத புதுத் துணி.

"அன்னைக்கு ஒன் செட்டுலருந்து எடுத்தோம்ல. ஒண்ணு கொறயுது. பாக்கி வைக்கக் கூடாது, பிடி."

கணக்கில் எதுவும் குறையக் கூடாது என்று இருக்கிறவள் நான். கை நீட்டத்தான் போனேன்.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்றேன். "அவசரத்துக்கு வேற யாருக்காச்சும் ஆகும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். துணியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப டீயாச்சும் குடு. அந்தத் தங்க விளிம்புக் கோப்பைல குடு, ஊரெல்லாம் பேச்சா இருக்கு."

அக்டோபர் 13, திங்கள்

நாளை காலை ஆபரேஷன். இன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். பையில் வைத்தவை: முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி இரண்டு, தஸ்பீஹ் மணி, யாசீன் கிதாபு, பிளாஸ்க், ஜுலைகா தைத்த ஜாக்கெட் ஒன்று. திரும்பி வரும்போது இடது பக்கம் தொளதொள என்று இருக்கும். ஹாஜிராவிடம் சொன்னேன். "வாங்க, பிடிச்சுத் தர்றேன். இந்தத் தடவ அளவெடுப்பேன்" என்றாள். சின்னமனூரிலிருந்து இன்னும் பதில் இல்லை.

பயமாக இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

அவர் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறார். அடுப்பில் பால் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

கணக்கு:
சிலிண்டர் பாதிக்கு மேல் இருக்கிறது.
பால்காரரிடம் திரும்பி வந்து சொல்கிறேன் என்று சொல்லியாயிற்று.
கபன் துணி, ஒன்று குறைவு. வாங்கவில்லை.
பாக்கி நோன்பு நிறைய இருக்கிறது. யா அல்லாஹ், உன்னிடம் பட்ட கடன் இது. அடைக்காமல் போக எனக்கு மனசில்லை. அடைக்க நாள் கொடு.